கண்ணாடி மாதிரி ஒரு புஷ்

போன ஞாயித்துக்கிழமை வீட்டு டேபிள் ஃபேன் மக்கர் பண்ணுச்சு. சுவிட்சைப் போட்டா முனகுதே தவிர சுத்த மாட்டேங்குது. இறக்கையை விரலால ஒரு தள்ளு தள்ளிவிட்டா, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. (உடனே கெபாசிட்டர்னு ஆரம்பிக்காதீங்க. அதையும் பார்த்தாச்சு, நல்லாத்தான் இருந்தது.) கழட்டிப் பார்த்தா, ஷாஃப்ட் உக்கார்ற புஷ் வறண்டு போய்க் கிடந்தது. பழைய பிசுக்கைத் துடைச்சுட்டு எண்ணெய் விடலாம்னு உக்காந்தேன். பக்கத்துல டார்ச் அடிச்சுட்டு இருந்த பையன் கேட்டான்:

"அப்பா, உள்ள சொரசொரன்னு இருக்கே. எமரித் தாள் போட்டு கண்ணாடி மாதிரி தேச்சுட்டா நல்லா சுத்தும்ல?"

எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடலை. இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே வார்த்தைகள்ல, 1996ல நான் சொல்லியிருக்கேன். அதுக்கு வேற ஒருத்தர் விலை கொடுத்தார். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். இன்னைக்கு எழுதிடறேன்.

அப்ப நான் டிப்ளமோ முடிச்சு, கோயமுத்தூர்ல ஒரு சின்ன வொர்க்‌ஷாப்ல இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பம்ப் செட் பாகங்கள்தான் முக்கிய வேலை. வருஷக் கடைசியானா கரும்பு ஆட்டுற ஆலைங்களோட ரிப்பேரும் வரும். கல்லூரியில ஒரு வார்த்தை கத்துக் கொடுத்திருந்தாங்க: ஆர்.ஏ. ஒரு பரப்பு எவ்வளவு சொரசொரப்புன்னு ஒரே எண்ணுல சொல்ற அளவு. எங்க வொர்க்‌ஷாப்லயும் ஒரு ஏற்றுமதி ஆர்டருக்காக சர்ஃபேஸ் டெஸ்டர் வாங்கியிருந்தாங்க. ஒரு சின்ன வைர முள்ளு பரப்பு மேல ஊர்ந்து போகும், திரையில எண் வரும். அந்த மெசின் என் பொறுப்பு. 22 வயசுப் பையன் கையில அதைக் கொடுத்தா என்ன ஆகும்? பார்த்ததையெல்லாம் அளந்தேன். டீ கிளாஸைக்கூட விடலை.

அங்க ஒரு மேஸ்திரி இருந்தார். ஐம்பது வயசைத் தாண்டினவர். புஷ்ஷுக்கு ஸ்கிராப்பிங் போடறதுதான் அவரோட தனி வித்தை. தேஞ்சுபோன முக்கோண அரத்தை சாணை பிடிச்சு அவரே சுரண்டி செஞ்சு வச்சிருப்பார். ஷாஃப்ட் மேல நீல மையை மெல்லிசாத் தடவி, புஷ்ஷை வச்சு ஒரு சுத்து சுத்தி எடுப்பார். எங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கோ அதெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் லேசா சுரண்டுவார். திரும்ப மை, திரும்ப சுரண்டல். ஒவ்வொரு தடவையும் முந்தின கீறலுக்குக் குறுக்கே. ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்துப் பதினஞ்சு நீலப் புள்ளி சமமா விழற வரைக்கும் விடமாட்டார். ஒரு புஷ்ஷுக்கு அரை நாள் போயிடும். முடிச்சப்புறம் பார்த்தா, அம்மி கொத்தின மாதிரி லேசா பள்ளம் பள்ளமா இருக்கும்.

1996 பொங்கலுக்கு மூணு வாரம் முன்னாடி, கவுந்தப்பாடிப் பக்கத்துல இருந்து ஒரு ஆலைக்காரர் வந்தார். மூணு உருளை ஆலை. ஆறு கன்மெட்டல் புஷ் மாத்தணும். வெல்லத்துக்குப் பொங்கல்தான் சீசன், சீக்கிரம் வேணும்னார். மேஸ்திரி முதல் புஷ்ஷை சுரண்டி வச்சிருந்தார். நான் என் மெசினை வச்சேன். ஆர்.ஏ. 2 மைக்ரானுக்கு மேல காட்டுச்சு. (ஒரு மைக்ரான்ங்கறது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும்.) ஏற்றுமதி பாகத்துக்கெல்லாம் நாங்க 0.4 கேட்டுட்டு இருந்த காலம்.

"மேஸ்திரி, இது ரொம்ப ரஃப்பா இருக்கு. எமரி போட்டு, பஃப் அடிச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிடலாம். ஒரு மணி நேர வேலை"ன்னேன்.

"ஆலைக்கு அது ஆவாதுங் தம்பி"ன்னார்.

"ஏன்?"

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஆவாதுங்" மறுபடியும் அவ்வளவுதான். அவருக்குக் காரணம் கையில இருந்தது, வாயில இல்லை. எனக்கு வாயில எண் இருந்தது. மொதலாளிகிட்ட போய், அரை நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடியும்னேன். எந்த மொதலாளி வேண்டாம்பார்? ஆறு புஷ்ஷும் பஃப் அடிச்சு 0.4க்குக் கீழ வந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தா என் முகமே தெரிஞ்சது. மேஸ்திரி ஒண்ணும் பேசாம அதை எடுத்துட்டுப் போய் மாட்டிக் கொடுத்துட்டு வந்தார்.

மூணாவது நாள் ராத்திரி ஆலை நின்னுபோச்சு. மறுநாள் காலையில மேஸ்திரியும் நானும் பஸ் பிடிச்சுப் போனோம். ஒரு பக்கத்துப் புஷ் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிச்சிருந்தது. கழட்டினா, ஷாஃப்ட் மேல கன்மெட்டல் மஞ்சள் மஞ்சளா அப்பியிருக்கு, தீஞ்ச எண்ணெய் வாடை. வெளியில வெட்டின கரும்பு மலை மாதிரி. வெட்டின கரும்பைப் போட்டு வைக்க முடியாதுங்க. நாள் ஆக ஆக சாறு புளிச்சுடும், அதுல காய்ச்சினா வெல்லம் சரியா உறையாது. ஆலைக்காரர் சத்தம் போடலை. கொப்பரை அடுப்பைப் பார்த்துட்டு சும்மா நின்னுட்டு இருந்தார். சத்தம் போட்டிருந்தாக்கூட தேவலைன்னு இருந்தது எனக்கு.

அன்னைக்குப் பூரா மேஸ்திரி அங்கயே உக்காந்து வேலை பார்த்தார். முதல்ல ஷாஃப்ட்ல அப்பின உலோகத்தை எடுத்துட்டு, எண்ணெய்க் கல்லு போட்டுப் போட்டு வழவழன்னு ஆக்கினார். அப்புறம் புஷ்ஷை எடுத்து வழக்கம் போல சுரண்ட ஆரம்பிச்சார். எனக்குக் குழப்பம். ஷாஃப்ட்டை மட்டும் ஏன் வழவழப்பாக்கணும், புஷ்ஷை மட்டும் ஏன் பள்ளமாக்கணும்னு மெதுவாக் கேட்டேன்.

"ஓடறது வழவழப்பா இருக்கோணும் தம்பி. உக்காந்திருக்கறது எண்ணெய் குடிச்சிருக்கோணும்."

அந்த ஒரு வரியை முழுசாப் புரிஞ்சுக்க எனக்குப் பல வருஷம் ஆச்சு. புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஷாஃப்ட்டும் புஷ்ஷும் ஒண்ணு மேல ஒண்ணு உரசிட்டுதான் ஓடுதுன்னு நாம நெனைக்கிறோம். நல்லா ஓடற பேரிங்ல அவை தொடறதே இல்லை. இங்கிலாந்துல 1883ல போஷாம்ப் டவர்னு ஒரு எஞ்சினியர் ரயில் அச்சு மாதிரியான பேரிங்கை வச்சுச் சோதனை பண்ணினார். மேல எண்ணெய் விடறதுக்குப் போட்ட ஓட்டையில இருந்து எண்ணெய் வெளிய வந்துட்டே இருந்ததாம். மர ஆப்பு வச்சு அடைச்சுப் பார்த்தார், ஆப்பையே வெளிய தள்ளிடுச்சு. பிரஷர் கேஜை மாட்டினப்பதான் தெரிஞ்சது, உள்ள எண்ணெய் அவ்வளவு அழுத்தத்துல இருக்குன்னு. 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்குக் கணக்குப் போட்டார். ஷாஃப்ட் சுத்தும்போது, குறுகிட்டே போற இடுக்குக்குள்ள எண்ணெயை இழுத்துட்டுப் போகுது. அங்க எண்ணெய் ஆப்பு மாதிரி திணிஞ்சு ஷாஃப்ட்டையே தூக்கி நிறுத்துது. ஷாஃப்ட் எண்ணெய் மேல மிதக்குது.

இதுல ஒரு கண்டிஷன் உண்டு: வேகம் வேணும். வேகம் குறைஞ்சா இழுபடற எண்ணெய் குறையும், படலம் மெலிசாகும். படலம் ஒரு மைக்ரான்தான் இருக்கு, பரப்புல மேடு ரெண்டு மைக்ரான் இருக்குன்னா, மேடும் மேடும் இடிச்சுக்கும். படலத்தோட கனத்தை ரெண்டு பரப்போட சொரசொரப்பால வகுத்துப் பார்ப்பாங்க. 3க்கு மேல வந்தா நிம்மதி, 1க்குக் கீழ போனா உரசல். ஜெர்மனியில ஸ்ட்ரைபெக் 1902ல இதை வளைகோடாவே போட்டுக் காட்டினார். கிளம்பும்போது உராய்வு அதிகம், வேகம் ஏற ஏற சடார்னு இறங்கும், அப்புறம் எண்ணெயோட இழுவையாலயே மெதுவா ஏறும். முழுசா மிதக்கும்போது உராய்வு, உலோகம் தொட்டுக்கிட்டு இருக்கும்போது இருக்கறதுல பத்துல ஒண்ணு, சில சமயம் நூத்துல ஒண்ணுகூட இருக்கும். எங்க வீட்டு ஃபேன் ஒரு தள்ளு தள்ளினதும் ஓடினது இதனாலதான். கிளம்பற அந்தக் கணம்தான் கஷ்டம்.

இப்ப ஆலைக்கு வருவோம். நிமிஷத்துக்கு 1440 சுத்து சுத்தற, 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் உள்ள மோட்டாரை எடுத்துக்கோங்க. பரப்போட வேகம் செகண்டுக்கு 3 மீட்டர். அந்தக் கரும்பாலை உருளை நிமிஷத்துக்குப் பத்து சுத்துதான், ஷாஃப்ட் 100 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா செகண்டுக்கு 5 சென்டிமீட்டர். அறுபதுல ஒரு பங்கு! அதுக்கு மேல, கரும்பை நசுக்கற பாரம் மொத்தமும் அந்தப் புஷ் மேல. இந்த வேகத்துல ஷாஃப்ட் முழுசா மிதக்க வழியே இல்லை. காலம் பூரா ஃபேன் கிளம்பற அந்த முதல் கணத்துலயே வாழற பேரிங் அது.

அப்படிப்பட்ட இடத்துல எண்ணெய் எங்க தங்கும்? மேஸ்திரி சுரண்டின பள்ளத்துல தங்கும். மேடெல்லாம் ஒரே மட்டத்துல இருந்து பாரத்தைத் தாங்கும். பக்கத்துலயே இருக்கற பள்ளம் குட்டை மாதிரி எண்ணெயைத் தேக்கி வச்சு, ஷாஃப்ட் மேல போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பூசிவிடும். தேய்மானத்துல உதிர்ற தூளும் அந்தப் பள்ளத்துல விழுந்துடும், நடுவுல மாட்டி ஷாஃப்ட்டைக் கீறாது. நான் பஃப் அடிச்சு அந்தக் குட்டைங்களையெல்லாம் தூர்த்துட்டேன். ஏரியைத் தூர்த்து பிளாட் போட்டுட்டு, தண்ணி எங்கன்னு கேக்கற கதைதான்.

அப்ப வழவழப்புக்கு மரியாதையே இல்லையான்னா, அது அளவுக்கு மேல போனா வேற பிரச்சினை வரும். அளவு பார்க்கற கேஜ் பிளாக் பார்த்திருப்பீங்க. ரெண்டு பிளாக்கை லேசாத் தேச்சு ஒட்டினா பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். அவ்வளவு மட்டமான, வழவழப்பான ரெண்டு பரப்பு சேர்ந்தா, நடுவுல இருக்கற எண்ணெய் வெளியேறி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விடமாட்டேங்கும்.

சரி, என் மெசின் பொய் சொல்லுச்சா? இல்லை. அது கேட்ட கேள்விக்கு சரியான பதில்தான் சொல்லுச்சு. ஆர்.ஏ.ங்கறது சராசரிக் கோட்டுல இருந்து மேடும் பள்ளமும் எவ்வளவு விலகியிருக்குங்கறதோட சராசரி. மேடா, பள்ளமான்னு அதுக்குத் தெரியாது. நெல்லு காயப் போடற களத்தை நெனச்சுக்கோங்க. ஒரு களத்துல அங்கங்க குழி இருக்கு. இன்னொண்ணுல அதே அளவுக்கு அங்கங்க கல்லு முட்டிட்டு நிக்குது. ரெண்டுக்கும் ஆர்.ஏ. ஒண்ணுதான்! ஆனா ஒண்ணுல மழைத்தண்ணி தேங்கும், இன்னொண்ணு காலைக் கிழிக்கும். பேரிங்குக்கு வேண்டியது முதல் களம். மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனியா அளக்கற வேற அளவெல்லாம் இருக்கு. எனக்கு அப்ப தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு.

மேஸ்திரி கையால செஞ்சதை எஞ்சின் கம்பெனிங்க மெசின்ல செய்யறாங்க. சிலிண்டர் உள்சுவர்ல முதல்ல குறுக்கும் நெடுக்குமா கோடு விழற மாதிரி ஹோனிங் பண்ணி, அப்புறம் மெல்லிசான கல்லால மேட்டை மட்டும் சீவிடுவாங்க. மேல தட்டையா இருக்கும், கோடு கோடா பள்ளம் மிஞ்சும், அதுல எண்ணெய் நிக்கும். அந்தக் கோடு அழிஞ்சு லைனர் கண்ணாடி மாதிரி ஆயிட்டா, நல்லாருக்குன்னு எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார். ரிங் சரியா உக்காராது, வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்துல புது வண்டி வாங்கினா முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டச் சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்கா? துருத்திட்டு நிக்கற மேடெல்லாம் பதமாத் தேஞ்சு உக்காரத்தான் அது.

சின்னச் சின்னப் பள்ளம் எண்ணெயைத் தேக்கறதோட நிக்காம, தானே கொஞ்சம் அழுத்தத்தையும் உண்டாக்கிப் பரப்பைத் தூக்கும்னு 1966ல ஹாமில்டன், வாலோவிட், ஆலன்னு மூணு பேர் எழுதினாங்க. 1990கள்ல இஸ்ரேல்ல பேராசிரியர் எட்சியோன் லேசரை வச்சு, சில மைக்ரான் ஆழத்துக்கு வரிசையா குட்டிக் குழி போட்டு, பம்ப் சீல்கள்ல உராய்வு குறையறதைக் காட்டினார். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அந்த முக்கோண அரம்தான் ஞாபகம் வந்தது.

இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் சுரண்டக் கிளம்பிடாதீங்க, ப்ளீஸ். வேகமா சுத்தி, முழுசா எண்ணெய்ல மிதக்கற பேரிங்ல பள்ளத்தால பெரிசா லாபம் இல்லை. அழுத்தம் அதிகமா இருக்கற இடத்துல பள்ளம் விழுந்தா தாங்கற பலமே குறையும். பால் பேரிங்ல படலமே ஒரு மைக்ரானுக்குள்ளதான், அங்க நிஜமாவே கண்ணாடி மாதிரி இருக்கணும், இல்லேன்னா மேல் பரப்பு பொரிஞ்சு போயிடும். ஷாஃப்ட்டும் எப்பவும் வழவழப்பாத்தான் இருக்கணும். கெட்டியான உலோகத்துல மேடு இருந்தா, மெதுவான புஷ்ஷை அரம் மாதிரி ராவிடும். எது நல்ல பரப்புங்கறது, எந்த வேகத்துல, எந்த பாரத்துல, எதோட சேர்ந்து ஓடுதுங்கறதைப் பொறுத்தது.

இன்னொண்ணும் நேர்மையாச் சொல்லிடணும். அந்த ஆலை நின்னதுக்குப் பளபளப்பு மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஸ்கிராப்பிங் இல்லாததால புஷ் ஷாஃப்ட்டோட சரியாப் பொருந்தாம ஒரு ஓரத்துல மட்டும் பாரம் விழுந்திருக்கலாம். எமரித் தூள் கன்மெட்டல்ல பதிஞ்சு இருந்திருக்கலாம். ஆனா அந்த மூணுமே என் யோசனையால வந்ததுதான்.

இப்ப சொல்லக் கஷ்டமான பகுதி.

வொர்க்‌ஷாப் திரும்பினதும் மொதலாளி கேட்டது மேஸ்திரியைத்தான். மாட்டினது அவர்தானே. "இத்தனை வருஷ சர்வீஸ், ஒரு ஃபிட்டிங் ஒழுங்காப் பண்ணத் தெரியலையா?" எல்லார் முன்னாடியும். நான் ரெண்டடி தள்ளி, டெஸ்டரைத் துடைச்சுட்டு நின்னேன். மேஸ்திரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பொங்கல் வாரக் கூலியில 250 ரூபாய் பிடிச்சாங்க. பொங்கல் முடிஞ்சு வந்து, பதினோரு நாள் கழிச்சுத்தான் மொதலாளிகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். திருப்பிக் கொடுத்தது தனியா, ரூமுக்குள்ள. திட்டினது எல்லார் முன்னாடியும். அந்தக் கணக்கு மட்டும் நேராகவே இல்லை.

அன்னைக்கு சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்ட்ல மேஸ்திரிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே ஏன் மேஸ்திரி மொதலாளிகிட்ட சொல்லலை?"ன்னும் கேட்டேன்.

"மெசினக் கேட்டீங்க தம்பி. அது சொல்லுச்சு, செஞ்சீங்க. எங்கிட்ட ஆருங் கேட்டா?"

கோபமே இல்லாமத்தான் சொன்னார். அடுத்த வாரம் ஒரு புஷ்ஷை என் மேஜை மேல வச்சு, "இத அந்த மெசின்ல போட்டுப் பாருங்க, எம்பட கை இன்னும் நல்லாருக்குதான்னு"ன்னு சிரிச்சார். அளந்தேன். இந்தத் தடவை எண்ணை மட்டும் பார்க்காம, முள்ளு வரைஞ்ச கோட்டையும் பேப்பர்ல எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரே மட்டமா வெட்டின மாதிரி, கீழே மட்டும் பள்ளம் பள்ளமா இறங்கியிருந்தது. "ஆவாதுங்"ன்னு அவர் சொன்னதோட முழு விளக்கமும் அந்தக் கோட்டுல இருந்தது. அதை அவர்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "ஆமாங், இதேதான்"ன்னார்.

பையனோட கேள்விக்கு வர்றேன். ஃபேன் புஷ் உலோகத் தூளை அழுத்தி, சூடு பண்ணிச் செய்யறது. அதுல அஞ்சுல ஒரு பங்கு வெறும் நுண்துளைதான், அதுக்குள்ளதான் எண்ணெய் இருக்கும். எமரி போட்டுத் தேச்சா துளை வாய் மூடிக்கும், அப்புறம் எண்ணெய் ஊறி வர வழியில்லை. இதையெல்லாம் பொறுமையாச் சொல்லி, ஷாஃப்ட்டை மட்டும் நல்லாத் துடைக்கச் சொன்னேன். புஷ்ஷை எண்ணெய்ல ஒரு ராத்திரி ஊற வச்சு மாட்டினோம். மறுநாள் சுவிட்சைப் போட்டதும், தள்ளாமலே சுத்துச்சு.

"அந்த மேஸ்திரிக்கு இதெல்லாம் எப்படிப்பா தெரியும்?"னு கேட்டான்.

எனக்கும் தெரியலை. அதையும் நான் அவர்கிட்ட கேக்கவே இல்லை.